வேலிக்கு வடக்கே நிற்கும் மாடுகள்

கால்வாய் நோய் கண்ட வளர்ந்த மாடு பெரும்பாலும் சாவதில்லை. வாயிலும் குளம்பிலும் புண் வரும், பால் வற்றும், கன்றுகள் சில இறக்கும். அப்படியிருந்தும், நோயற்றதென்று பெயர்பெற்ற நாட்டில் இது தோன்றினால் இறைச்சி வாங்குவோர் உடனே கதவடைக்கின்றனர். 2001 இல் பிரித்தானியா ஆறு மில்லியனுக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றது. தடுப்பூசி இல்லாமலல்ல, ஊசி போட்டால் ஏற்றுமதித் தகுதியை மீளப் பெறத் தாமதமாகும் என்பது முக்கிய காரணமாயிருந்தது.

பிரித்தானியப் பண்ணையாளருக்கு நட்டஈடாவது கிடைத்தது. வறிய மந்தைக்காரரின் நிலையை அறிய நமீபியாவைப் பார்க்க வேண்டும். அந்நாட்டின் குறுக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் நீளமான வேலியொன்று ஓடுகிறது. 'சிவப்புக் கோடு' என்பது அதன் பெயர். 1890களில் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயைத் தடுக்க ஜேர்மன் ஆட்சியாளர் இட்ட காவல் வரிசையே அதன் தொடக்கம். தெற்கே பெரும் பண்ணைகள். அவற்றின் இறைச்சி ஐரோப்பாவுக்கும், 2020 முதல் அமெரிக்காவுக்கும் சென்றது. வடக்கே பொது மேய்ச்சல் நிலங்களில் சிறு மந்தைக்காரர். அவர்களுடைய மாடு உயிருடன் வேலியைத் தாண்டித் தெற்கே போகக்கூடாது. 1990 இல் சுதந்திரம் வந்தது. வேலி விழவில்லை.

அது வெறும் வீம்புக்கு நிற்கும் வேலி என்று நாம் சொல்லவரவில்லை. வடகிழக்கில் காட்டெருமைகள் நோய்க்கிருமியைச் சுமந்து திரிகின்றன. வேலியைப் பிடுங்கினால் தெற்கின் சந்தையும் போய்விடும். எமது ஆட்சேபம் வேறு. மாடு எங்கே மேய்ந்தது என்று கேட்பதைவிட, இறைச்சி எப்படித் தயாரிக்கப்பட்டது என்றல்லவா கேட்க வேண்டும்? வெட்டிய இறைச்சியைக் குறித்த நேரம் பதமாக வைத்தால் அதில் புளிப்பு ஏறிக் கிருமி அழியும். எலும்பிலும் நிணநீர்ச் சுரப்பிகளிலும் அது தங்கக்கூடுமாதலால் அவற்றை நீக்கிவிட வேண்டும். நோயுள்ள நாட்டிலிருந்தும் இம்முறையில், மிருக வைத்தியரின் மேற்பார்வையுடன் இறைச்சி அனுப்ப உலக விலங்குச் சுகாதார அமைப்பின் விதிகளே வழிவிடுகின்றன. எனினும் வாங்கும் நாடுகள் பல வரைபடத்தையே பார்க்கின்றன.

வடக்கிற்கு வேண்டியவை நல்ல கொல்களம், குளிரறை, போதிய மிருக வைத்தியர்கள். அதற்கான செலவை மந்தைக்காரர் தலையில் கட்டுவது நியாயமல்ல. வேலியால் இலாபம் கண்டோரும், மலிவாகவும் அச்சமின்றியும் இறைச்சி உண்ண விரும்பும் நாடுகளும் அதில் பங்கு கொடுக்கட்டும்.