லயத்து வானொலியும் கிட்டார் பெடலும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையை அண்டிய தோட்டமொன்றின் கோவில் திருவிழாவுக்கு அண்மையில் சென்றிருந்தேன். சாமி வீதியுலா முடிந்த பின்னர் மைதானத்தில் இசை நிகழ்ச்சி நடந்தது. கீபோர்ட், தபேலா, ட்ரம்ஸ், இரண்டு கிட்டார் என்று ஓரளவு வசதியான இசைக்குழுதான். முன்னணிக் கிட்டார் வாசித்த இளைஞருக்கு இருபது வயது இருக்கலாம். அவருடைய காலடியில் புத்தம் புதிய டிஜிட்டல் மாடுலேஷன் பெடல் ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. பாட்டின் நடுவே அதை மிதித்தார். அதுவரை தெளிவாகக் கேட்ட கிட்டார், அந்தக் கணத்திலேயே கிணற்றுக்குள் விழுந்தது போலாகிவிட்டது. விரல்கள் ஓடுவது தெரிந்தது, சுரங்கள் கேட்கவில்லை.

இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். “வீட்டுல ஹெட்ஃபோன்ல கேட்டா அருமையா இருக்கு ஐயா. மேடைக்கு வந்தா காணாமப் போயிடுது” என்றார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து, ஓராண்டு பணம் சேர்த்து வாங்கிய பெடல் அது. கூடவே வந்த கைந்நூலில் பல மொழிகள் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. ஆகவே, காணொளி ஒன்றில் யாரோ காட்டிய எண்களைப் பார்த்துக் குமிழ்களை அப்படியே திருகி வைத்திருந்தார். குமிழ்கள் என்ன செய்கின்றன என்று கேட்டேன். “தெரியாது ஐயா” என்றார், சற்று வெட்கத்துடன்.

வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் ஒரு கணக்கு. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாயானது. 2024 இல் 1350 ரூபாயானது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 ரூபாய் என முன்மொழியப்பட்டது. அந்தத் தொகையையே முழுமையாக வைத்துப் பார்த்தாலும், மாதத்தில் 25 நாள் வேலைக்கு 43,750 ரூபாய். பெயர்பெற்ற நிறுவனங்களின் டிஜிட்டல் மாடுலேஷன் பெடல்களில் பல, இத்தொகையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுடையவை. லயத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அது விளையாட்டுப் பொருளன்று. அவ்வளவு கொடுத்து வாங்கிய ஒன்றின் பயன், மொழி தெரியாத காரணத்தால் மட்டும் பாதியாகக் குறைவது அநியாயம்.

இத்தனைக்கும் அந்தப் பெட்டிக்குள் நடப்பது மலையகத்தாருக்குப் புதிய அனுபவமன்று. இரவு நேரத்தில் லயத்து வாசலில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். தூரத்து நிலையத்தின் பாட்டு நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்ல மங்கும், பின்னர் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல உட்குழிந்து ஒலிக்கும், மீண்டும் தெளியும். ஒரே ஒலிபரப்பு இரண்டு வழிகளில் நம்மை வந்தடைந்ததே இதற்குக் காரணம். வானில் மின்னேற்றமுற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி வந்த அலை, வேறொரு வழியில் வந்த அலையைவிடச் சற்றே தாமதித்து வரும். இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில ஒன்றையொன்று அழிக்கும். வானத்தின் அடுக்கு அசைந்துகொண்டிருப்பதால் அழியும் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

யப்பானியப் பொறியியலாளர் ஃபூமியோ மியேடா 1960களில் உருவாக்கிய ‘யூனிவைப்’ என்னும் கருவி, இந்த ஒலியைப் பின்பற்ற முயன்றதன் விளைவே. மொஸ்கோவிலிருந்து வந்த வானொலி ஒலிபரப்பு வழியில் திரிபடைந்து கேட்டதே தமக்குத் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1969 இல் வுட்ஸ்டொக் விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அக்கருவியைப் பயன்படுத்தினார். அங்கே இசையான ஒலியை இங்கே நம் பெரியவர்கள், “காற்றுக்கு இழுக்குது” என்று சொல்லி ஏரியல் கம்பியைத் திருப்பிவிட்டுப் படுத்தார்கள்.

மாடுலேஷன் பெடல்களில் பெரும்பாலானவை செய்வது இவ்வளவே. கிட்டாரின் ஒலியைப் படியெடுத்து, அந்தப் படியைச் சற்றே தாமதப்படுத்தி, தாமதத்தின் அளவை மெதுவாகக் கூட்டிக் குறைத்து, மூல ஒலியுடன் கலக்கின்றன. தாமதம் ஏறத்தாழ 1 முதல் 10 மில்லி விநாடி வரை இருந்தால், விமானம் மேலே கடந்து செல்வது போன்ற ஒலி வரும். அது ஃபிளாஞ்சர். 15 முதல் 30 மில்லி விநாடி வரை இருந்தால், ஒரு கிட்டாரைப் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் தடித்து ஒலிக்கும். அது கோரஸ். இரண்டு நாகசுரங்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போதும், பஜனையில் பத்துப்பேர் ஒரே அடியைப் பாடும்போதும் நாம் கேட்பது இயற்கையான கோரஸ்தான். எவ்வளவு தேர்ந்தவர்களாயினும் இருவருடைய சுருதியும் நேரமும் மயிரிழையளவு வேறுபடும். அந்த வேறுபாடே ஒலிக்குச் செழுமை தருகிறது. ஃபேசரில், தாமதத்துக்குப் பதிலாக வடிகட்டிகள் சில அதிர்வெண்களை அழிக்கின்றன. ட்ரெமொலோ ஒலியின் உரப்பை மட்டும் ஏற்றி இறக்கும். வைப்ராட்டோவில் மூல ஒலி கலக்கப்படுவதில்லை. சுருதி மட்டும் அசையும்.

முதல் கோரஸ் பெடல் 1976 இல் பொஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அக்காலக் கருவிகள் தாமதத்தை உண்டாக்க, வரிசையாக நிற்பவர்கள் வாளியில் நீரைக் கைமாற்றுவதுபோல மின்னேற்றத்தைக் கைமாற்றும் சில்லுகளைப் பயன்படுத்தின. இன்றைய டிஜிட்டல் பெடல், ஒலியை விநாடிக்கு 44,100 அல்லது அதற்கும் மேற்பட்ட தடவைகள் அளந்து எண்களாக்கி, கணக்குப் போட்டு, மீண்டும் ஒலியாக்குகிறது. அதனால் ஒரே பெட்டிக்குள் மேற்சொன்ன அத்தனை வகைகளும் அடங்கிவிடுகின்றன. வசதியும் அதுதான், மயக்கமும் அதுதான்.

இனி, அந்த இளைஞருக்கு நேர்ந்தது என்ன? பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன்னர் சில காலம் கிட்டாருடன் அலைந்தவன் என்பதால், இடைவேளையில் இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். நான்கு குறைகள் தென்பட்டன.

முதலாவது, மின்சாரம். பெடலுடன் வந்த அடாப்டரை வீட்டில் விட்டுவிட்டு, மூன்று பெடல்களுக்கும் சேர்த்து ஒரே அடாப்டரிலிருந்து மின் எடுத்திருந்தார். பழைய அனலொக் பெடல்களில் பல மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே இயங்கிவிடும். டிஜிட்டல் பெடல் 100 முதல் 300 மில்லி அம்பியர் வரை கேட்கும். போதாவிட்டால் கீச்சொலியும் இரைச்சலும் எழும், சில வேளை நின்றே போகும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மறையாக உள்ள அடாப்டர் வேண்டும். முனை மாறினால் பெடல் பழுதாகலாம். அடாப்டரின் மீதுள்ள சிறிய வட்டக் குறியைப் பார்க்காமல் எதையும் செருகக்கூடாது. திருவிழாக்களில் மின்பிறப்பாக்கியை நம்புவோர், அது ஓடி நிலைப்பட்ட பின்னரே பெடலை இணைப்பது நல்லது. இடிமின்னல் மிகுந்த சித்திரை, ஐப்பசி மாதங்களில் வாசித்து முடித்தவுடன் சுவரிலிருந்து கழற்றிவிடுவது அதைவிட நல்லது.

இரண்டாவது, வரிசை. கிட்டாரிலிருந்து வரும் வயர் முதலில் மாடுலேஷனுக்கும் பிறகு ஓவர்டிரைவுக்கும் போயிருந்தது. அப்படி வைத்து அழகாக வாசித்தவர்களும் உண்டு. ஆனால் தெளிவு வேண்டுமானால் முதலில் ஓவர்டிரைவ், அடுத்து மாடுலேஷன், அதன்பின் டிலே, இறுதியில் ரிவேர்ப் என்பதே பொது வழக்கம். ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் ஒலியை நசுக்கினால் சேறாகும். நசுக்கிய ஒலியை அசைத்தால் அது விரியும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஹெட்ஃபோனில் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வெவ்வேறு ஒலி கிடைக்கிறது. கோரஸின் அகலம் அங்கேதான் இருக்கிறது. தோட்டத்து மைதானத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் செல்வது ஒரே ஒலி. பெடலின் இரண்டு வெளியீடுகளையும் ஒலிக்கலவையில் சேர்த்து ஒன்றாக்கினால், சில பெடல்களில் இரு பக்கத்து விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். வேறு சிலவற்றில் அகலம் மறைந்து கலங்கல் மட்டும் மிஞ்சும். ‘மோனோ’ என்று குறிக்கப்பட்ட ஒரு வெளியீட்டை மட்டும் பயன்படுத்தினால் போதும். வீட்டில் பயிலும்போதும் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் அளவுகளைத் தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, குமிழ்கள். ரேட் என்பது அசைவின் வேகம். டெப்த் என்பது அசைவின் ஆழம். மிக்ஸ் என்பது மூல ஒலியுடன் படி எவ்வளவு கலக்கிறது என்பது. ஃபீட்பேக் என்பது வெளியேறும் ஒலியில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே திருப்புவது. நம் நண்பரின் பெடலில் மிக்ஸ் முழுமையாகவும் டெப்த் முக்காற்பங்காகவும் இருந்தன. அதாவது மூலக் கிட்டார் வெளியே வரவே இல்லை. டெப்த்தைப் பூச்சியத்தில் வைத்துத் தொடங்கி, விளைவு காதில் படும்வரை கூட்டி, பின்னர் சிறிது குறைத்து விடவேண்டும். மிக்ஸ் மூன்றிலொரு பங்குக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. பெடலை மிதித்தாலும் விட்டாலும் ஒலியின் அளவு ஒன்றாக இருக்கும்படி லெவல் குமிழைச் சரிசெய்ய வேண்டும்.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 120 அடிகள் கொண்ட பாட்டென்றால், 120 ஐ 60 ஆல் வகுக்க 2 வரும். விநாடிக்கு 2 அசைவு என்றால் அடிக்கு ஒன்று. ட்ரெமொலோவுக்கு இது பொருந்தும். கோரஸுக்கோ ஃபேசருக்கோ எட்டடிக்கு ஒரு அசைவு, அதாவது நான்கு விநாடிக்கு ஒன்று, மென்மையாக இருக்கும். ‘டாப் டெம்போ’ வசதியுள்ள பெடலில் இந்தக் கணக்கும் வேண்டாம்; தாளத்துக்குக் காலால் தட்டினால் அதுவே கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பாட்டுகளில் கமகம் உண்டு. கிட்டாரில் அதை விரலால் கம்பியை இழுத்தே கொண்டுவருகிறோம். விரல் சுருதியை அசைக்கும்போது பெட்டியும் தன்போக்கில் அசைத்தால் இரண்டும் கெடும். கமகம் வரும் இடத்தில் பெடலை நிறுத்திவிடும் துணிவும் வாசிப்பில் அடங்கும்.

அன்று அதே மைதானத்தின் ஓரத்தில் தப்பு வாசிப்பவர்களும் நின்றிருந்தார்கள். வாசிப்பதற்கு முன் அவர்கள் தீ மூட்டி, தோலை அனலில் காட்டி, தட்டிப் பார்த்து, மீண்டும் காட்டினார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்த ஒலி வந்தால் நிறுத்துவது என்று எந்தக் கைந்நூலிலும் அவர்கள் படித்ததில்லை. தகப்பனிடமோ மாமனிடமோ, தமிழில், பக்கத்தில் நின்று கற்றது. பனியும் மழையும் உள்ள மலையில் அந்த அறிவு இல்லாவிட்டால் தப்பு மந்தமாகிவிடும். அதுவும் கருவியைச் சீர்செய்வதுதான். பெடல் வாங்கிய இளைஞருக்குக் கருவி கிடைத்தது. பக்கத்தில் நின்று சொல்ல ஒரு பெரியவரும் கிடைக்கவில்லை, படித்தறிய ஒரு தமிழ்ப் பக்கமும் கிடைக்கவில்லை.

“இந்தப் பெட்டிகள் எதற்கு? தப்பு போதாதா?” என்று கேட்கும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. ஒலியை மொழுகிவிடும் கிட்டாருக்குப் பக்கத்தில் தப்பின் அடி மங்கித்தான் போகும். அதற்கு மருந்து பெட்டியை விலக்குவதன்று; அளவோடு வைக்கக் கற்பது. அளவு தெரிந்தவனின் கிட்டார் தப்புக்கு இடம் விடும்.

1987 இல் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அரச அலுவலகத்துப் படிவம் தமிழில் இல்லையென்றால் நாம் கேள்வி எழுப்புகிறோம், எழுப்பவும் வேண்டும். ஆனால், நம் பிள்ளைகள் சொந்தப் பணத்தில் வாங்கும் கருவிகளைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுதிவைக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. உலகெங்கும் தமிழ் இசைக்குழுக்களில் ஒலியமைப்புத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பதுளையிலோ பண்டாரவளையிலோ பாடசாலை விடுமுறையில் இரண்டு நாள் பட்டறை நடத்தலாம். அதற்கும் முடியாதவர்கள், தமக்குத் தெரிந்த ஒரு கருவியைப் பற்றிப் பிழையில்லாமல் தமிழில் எழுதலாம்.

இடைவேளைக்குப் பின் மூன்றாவது பாட்டில் கிட்டார் கேட்டது. ட்ரம்ஸை நிறுத்தித் தப்பைச் சேர்த்துக்கொண்ட இடத்திலும் கேட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்து, சொன்னவற்றை எழுதித் தரச்சொன்னார். கையிலிருந்த திருவிழாத் துண்டுப்பிரசுரத்தின் பின்புறத்தில் நான்கு குறிப்புகளையும் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், பக்கத்துத் தோட்டத்து நண்பன் ஒருவனும் இதே பெடலை வாங்கி வைத்துவிட்டு விழிக்கிறான் என்றும், அவனுக்கும் படி எடுத்துக் கொடுப்பதாகவும் சொன்னார்.