திருடன் பெயர் தெரியாது, சரி! கதவைத் திறந்து வைத்தவர் பெயருமா தெரியாது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட். பிரஸ் மிஷினில் ஒரு தோழரின் கை சிக்கிவிடுகிறது. ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைக்கிறார். இன்னொருவர் துணி தேடுகிறார். மற்றொருவர் போனை எடுத்து 108 என்று அழுத்துகிறார். எந்த வண்டி அருகில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறையின் கணினி காட்டுகிறது. வண்டி வருகிறது, கீழ்ப்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறது. 2008 முதல் தமிழகத்தில் ஏழை எளியவர்களின் உயிரைக் காத்துவரும் ஏற்பாடு இது.

அந்தக் கணினி அன்றிரவு பார்த்து ஊமையாகிவிட்டால்?

இங்கே அப்படி நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. நேர்ந்துவிட்ட இடங்களின் கதையைச் சொல்லுகிறோம். 2017 மே மாதம், 'வான்னாக்ரை' என்ற கணினிக் கிருமி இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளுக்குள் புகுந்தது. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி விடப்பட்டார்கள். அந்தக் கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்து இரண்டு மாதத்துக்கு முன்பே வெளிவந்துவிட்டது. பூசத்தான் ஆளில்லை!

சீமை கிடக்கட்டும், டில்லிக்கு வருவோம். 2022 நவம்பர் 23. எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைக் கயவர்கள் பூட்டிவிட்டார்கள். நோயாளிப் பதிவா, இரத்தச் சோதனை முடிவா, எல்லாம் கையெழுத்துச் சீட்டு! பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்த ஏழைகள் வரிசையில் வாடினார்கள். நிலைமை சீரடைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று.

நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அமைச்சர் என்ன சொன்னார்? தாக்கியவர் யாரெனத் தெரியவில்லை, வலைப்பின்னல் முறையாகப் பிரிக்கப்படாததால் நேர்ந்தது என்றார். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்ற கணக்கும் வந்தது. 'முறையாகப் பிரிக்கப்படவில்லை' என்றால் என்ன பொருள்? நம் பட்டறையில் ஸ்டோருக்கு ஒரு பூட்டு, கேஷ் அறைக்கு ஒரு பூட்டு. ஒன்றை உடைத்தவன் மற்றதையும் உடைத்தாக வேண்டும். எய்ம்ஸ் மாளிகையில் உள்ளே சுவரும் இல்லை, பூட்டும் இல்லை! சொன்னவர் எதிர்க்கட்சிக்காரரல்ல, ஆளும் அமைச்சர்.

அப்படியானால் சுவர் எழுப்பாதவர் யார்? பணம் ஒதுக்காதவர் யார்? கணினிப் பிரிவு ஊழியர் இருவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. ஸ்டோரில் பத்து கிலோ செம்புக் கம்பி காணாமற் போனால் வாட்ச்மேனுக்கு மெமோ, மானேஜர் ஏ.சி. அறையில் காப்பி குடிப்பார். இந்த நியாயம் நமக்குப் புதிதா தோழர்களே?

இன்னொன்றையும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் டில்லி சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. கம்பெனியோ, அரசு அலுவலகமோ, கணினித் தாக்குதலைக் கண்டால் ஆறு மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்ற மத்திய அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்ல உத்தரவுதான், வரவேற்கிறோம். ஆனால் செர்ட்-இன் மக்களுக்கு எப்போது தெரிவிக்கும்? 2023 நவம்பரில் அதற்கும் பதில் கிடைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து அந்த அமைப்புக்கே விலக்கு! ஊழல், மனித உரிமை மீறல் என்று குற்றம் சாட்டினாலொழிய அங்கே குடிமகன் கேள்வி கேட்க முடியாது. கம்பெனி வாய் திறக்க ஆறு மணி. சர்க்கார் வாய் திறக்க ஆறு யுகம்!

கூடங்குளத்தை மறந்துவிட்டோமா? 2019 அக்டோபர் 29 அன்று, அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பின் மீது கணினித் தாக்குதல் நடக்க வழியே இல்லை என்று அறிக்கை. மறுநாளே, நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் கிருமி இருந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியே இருக்கின்றன, அவற்றுக்குத் தீங்கில்லை என்றார்கள். இருக்கட்டும். ஆனால் செப்டம்பர் 4-ஆம் நாளே கழகத்துக்குத் தகவல் வந்துவிட்டதே! எட்டு வாரம் ஏன் இந்த மௌனம்? வெளியே செய்தி கசியாதிருந்தால் இன்றளவும் மௌனந்தானே?

அயர்லாந்து சின்னஞ்சிறு நாடு. 2021 மே மாதம் அதன் பொது மருத்துவத் துறையின் கணினிகள் இதேபோல் முடங்கின. அந்தத் துறையே வெளியாரைக் கொண்டு ஆராயச் செய்து, அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கையை ஊரறிய வெளியிட்டது. எந்த நாளில் எந்தப் போலிக் கடிதத்தைத் திறந்ததால் திருடன் புகுந்தான், அந்தக் கணினியின் காவல் மென்பொருள் ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது, எல்லாம் அதிலே இருக்கிறது. தங்கள் குற்றத்தைத் தாங்களே அச்சிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

டில்லியை மட்டும் சாடிவிட்டு நம் வீட்டுக் கூரையைப் பாராதிருப்பது நேர்மையல்ல. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளிலும் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்டார்கள். கோட்டையிலேயே கைவைத்தவனுக்கு 108 எம்மாத்திரம்?

ஆகவே கேட்கிறோம். மருத்துவமனை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல், இவற்றின் கணினி தாக்கப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் மக்களுக்குச் சொல்லுவீர்கள்? விசாரணை அறிக்கையை எத்தனை மாதத்தில் அவையில் வைப்பீர்கள்? கணினி நின்ற வேளையில் காகிதமும் பென்சிலும் கொண்டு வண்டி அனுப்பும் ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்கள் அடுத்த தெருமுனைக் கூட்டத்தில் இந்த மூன்றையும் எழுதி, தொகுதி உறுப்பினரிடம் கொடுங்கள். அவர் நம் கட்சிக்காரராயிருந்தாலும் கொடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.