ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகப் படிப்பதா?

"உங்களை ஒரு கம்பனியா நினைச்சுக்கொள்ளுங்க. அந்தக் கம்பனிக்கு முதலாளியும் நீங்கதான்." தொழில் வழிகாட்டல் பட்டறை எதற்குப் போனாலும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. முகாமைத்துவம் படிக்கிறவர்கள் தலையாட்டுவார்கள். கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள் பின்வரிசையில் இருந்து சிரிப்போம். "நாங்க என்ன மச்சான் கடையா போட்டிருக்கம்?"

சிரிப்பு நியாயமானதுதான். அங்கே வியாபாரம் என்று சொல்லித் தருவது பெரும்பாலும் வெளிப்பூச்சு: டை கட்டுவது, கை குலுக்குவது, லிங்ட்இன்னில் படம் போடுவது. காத்தான்குடியில் துணிக்கடை நடத்துகிற ஒருவரிடம் போய் வியாபாரம் எண்டா என்ன என்று கேட்டுப் பாருங்கள். டையைப் பற்றி ஒரு சொல் வராது. என்ன விலைக்கு எடுத்தேன், எத்தனை நாள் காசு முடங்கிக் கிடக்கும், யார் வாங்குவான், அவன் வாங்காட்டி வேறு யார் என்றுதான் பேசுவார். இந்தக் கேள்விகளை எங்கட பட்டத்திடம் கேட்க நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

இலவசக் கல்விதானே, எடுத்த விலை பூச்சியம் என்று நினைக்கிறோம். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி இல்லையென்றால் எங்களில் முக்கால்வாசிப் பேர் வந்தாறுமூலைப் பக்கமே வந்திருக்கமாட்டோம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இலவசம் என்றால் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். 2025இல் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூடியது. அறை வாடகை, சாப்பாடு, போட்டோகொப்பி, டேட்டா என்று போனால் அது மாதத்தில் எத்தனையாம் திகதி முடிகிறது என்று எழுதத் தேவையில்லை. மண்டூரில் இருந்து வருகிற பிள்ளை லீவுக்குப் போய்த் திரும்பும்போது குருமண்வெளிக்குப் பாதையில் வாவியைக் கடந்து, மறுகா பஸ் எடுக்க வேண்டும். (பாதை எண்டா எங்கட ஊரில் ரோட்டு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை.)

பெரிய செலவு காசில்லை, வயது. உயர்தரம் எழுதும்போது பத்தொன்பது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று காத்திருந்து உள்ளே வர இருபத்தொன்று. சிறப்புப் பட்டம் நாலு வருடம். இடையில் மூடிக் கிடந்த மாதங்களையும் கூட்டினால் வெளியே போகும்போது இருபத்தாறு. எங்களோடு ஓ.எல். எழுதிய ஒருவன் அதற்குள் கட்டாரில் சில வருடம் நின்று வீட்டுக்குக் கூரை போட்டிருப்பான். அமையச் செலவு என்று உயர்தரப் பொருளியலில் பாடமாக்கி எழுதினோமே, அது இதுதான். கணக்குப் பார்த்ததும் படிப்பை விட்டுவிட்டு விமானம் ஏறச் சொல்லவில்லை. இவ்வளவு விலை கொடுத்து எடுத்த சாமானை யாருக்கு விற்கப்போகிறோம் என்று மூன்றாம் வருடத்திலாவது யோசிக்கலாம் என்கிறோம்.

எங்கட பட்டத்தை வாங்குபவர் அரசாங்கம். அது வாங்காட்டி? வீட்டில் கேட்டுப் பாருங்கள், "எப்படியும் எடுப்பாங்க" என்பதுதான் பதிலாக இருக்கும்.

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீண்டது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2020இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளுக்கு வேலை என்று அறிவித்து, மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுனர்களாகச் சேர்த்தது. எங்கட அண்ணாமார், அக்காமார் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனது அந்த வழியில்தான். உத்தியோகத்தருக்குக் கதிரை காணாத பிரதேச செயலகம் பற்றிய பகிடி அதற்குப் பிறகு இன்னும் பரவியது. பகிடியை விடுங்கள். அந்தக் கொள்வனவில் என்ன பாடம் படித்தாய், என்ன செய்யத் தெரியும் என்று வாங்குபவர் பெரிதாகக் கேட்கவேயில்லை. தேர்தல் கிட்ட வந்தால் வாங்குவார், திறைசேரி காய்ந்தால் நிறுத்துவார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தபோது திறைசேரி எந்த அளவுக்குக் காயும் என்பதையும் கண்டுவிட்டோம்.

படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெரும்போக வெள்ளாமை எல்லா வட்டையிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெட்டுப்படும். வைக்கக் களஞ்சியம் இல்லை, உரத்துக்கு வாங்கிய கடன் தலைக்குமேல். ஈர நெல்லை அள்ள லொறியோடு வந்து நிற்கிற முதலாளி சொன்னதுதான் விலை. ஒரே சாமான், ஒரே நேரம், ஒரே ஆள் வாங்குகிறான். விலை விழாமல் என்ன செய்யும்? வருடாவருடம் கலைப்பட்டதாரிகள் வெளியே வருவதும் அப்படித்தான்.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973இல் இதைப்பற்றி எழுதிய கட்டுரை பிரபலம்; 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆளுக்குள் என்ன இருக்கிறது என்று வேலை கொடுப்பவனுக்குத் தெரியாது, அதனால் பட்டத்தை ஓர் அடையாளமாகப் பார்க்கிறான் என்பது அவர் வாதம். கெட்டிக்காரருக்கு அது இலேசாகவும் மற்றவருக்குக் கஷ்டமாகவும் இருந்தால்தான் அந்த அடையாளத்துக்குப் பெறுமதி. சீனியரின் நோட்ஸைப் பாடமாக்கி எல்லாரும் ஒரே பெறுபேறு எடுத்தால் அடையாளம் எங்கே மிஞ்சும்?

வேடிக்கை என்னவென்றால், பெறுபேற்றுப் பத்திரத்தில் வராத திறமைகள்தான் கம்பஸில் நிறையக் கிடக்கு. சோதனைக்கு முதல்நாள் இரவு குப்பி எடுக்கிற அக்காவை எடுங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க விளங்காததை இரண்டு மணித்தியாலத்தில், தேத்தண்ணி ஆறுவதற்குள், நாற்பது பேருக்கு விளங்கப்படுத்திவிடுவா. அவவுடைய சுயவிபரக்கோவையில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. "பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல்" என்று மட்டும் இருக்கும்.

மொழியையும் பாருங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் எழுதியது. அரச பலகைகளில் தமிழ் கிடக்கிற கோலத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டு இன்றைக்கும் சிரிக்கிறோம். ஒரு வியாபாரி அந்தப் பலகையைக் கண்டால் சிரிக்கமாட்டான். இங்க சாமானுக்குத் தட்டுப்பாடு எண்டு விளங்கிக்கொள்வான். தமிழைப் பிழையில்லாமல் எழுதி, சிங்களத்தை வாசித்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதக்கூடியவர்கள் எங்கட பட்ச்சில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கிழமைக்கு நாலு மணித்தியாலம், வருடத்தில் நாற்பது கிழமை, நாலு வருடம்: 640 மணித்தியாலம். ரிக்டொக்கில் இதைவிடக் கூடப் போகிறது. 1956இல் சட்டமாக எங்கள் தலையில் ஏற்றிய மொழியை நாங்களே தேடிப் போய்ப் படிப்பதா என்று கேட்கிற அம்மப்பாமார் இருக்கிறார்கள். அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. ஆனால் ஒரு மொழி எங்கள் மேல் ஏறுவதும், நாங்கள் அதைக் கையில் எடுப்பதும் இரண்டு வேறு விசயம்.

கணக்குப் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லாரும் தனித்தனிக் கம்பனி என்றால், வேலையில்லாமல் இருப்பது அவரவர் வங்குரோத்து என்றாகிவிடும். அரசாங்கமும் கையைக் கழுவிவிட்டுப் போகலாம். காந்தி பூங்காவில் இருந்தவர்கள் தோற்றுப்போன கம்பனிகள் அல்ல. தனியார் வேலை குறைந்த மாவட்டத்தில் ஓய்வூதியத்தோடு ஒரு வேலை கேட்பது புத்தியுள்ள கேள்விதான். கலைப்பீடத்தில் கூடுதலானவர்கள் பெண்கள். கொழும்புக்குப் போ என்று மேடையில் சொல்லுறது லேசு. பாதுகாப்பான போர்டிங், இருட்டின பிறகு பஸ், வீட்டுச் சம்மதம், இந்தச் செலவெல்லாம் எந்தப் பட்டறையின் ஸ்லைட்டிலும் வந்து நாங்கள் கண்டதில்லை.

கூத்து ஆராய்கிறவளிடம் இதால என்ன வருமானம் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். விபுலாநந்த அடிகள் லண்டன் பீ.எஸ்ஸி. பட்டதாரி. பழைய யாழ்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். சந்தையைப் பார்த்திருந்தால் அந்த நூல் வந்திராது. கணிதமும் விஞ்ஞானமும் தெரியாமல் இருந்திருந்தாலும் வந்திராது.

இறுதி வருடத்தில் எல்லாரும் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறோம். தடித்த மட்டை போட்டு, பொன்னெழுத்து அடித்து, அலுமாரிக்குள் போகும். வாசிக்கிறது மேற்பார்வையாளரும் பரீட்சகரும். எழுதுவதற்கு முதலே வாசிக்கப்போகிறவரைத் தேடினால் என்ன என்று இந்த முறை எங்களில் சிலர் தலைப்போடு போகாமல் வெறுங்கையோடு போய் வாவி மீனவர் சங்கமொன்றில் கேட்டோம்: உங்களுக்கு என்ன தெரியவேண்டிக் கிடக்கு? இறால் விலை யார் கையில் எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால் நல்லம் என்றார்கள். எழும்பும்போது செயலாளர் கேட்டார், "புள்ளையள், எழுதி முடிச்சா எங்களுக்கும் ஒரு கொப்பி தருவீங்களா?" இதுவரை கேள்விக்கொத்தோடு வந்துபோன ஒருவரும் தரவில்லையாம்.