ஒரு பல்ப் மாற்ற நமக்கு ஏன் கை வருவதில்லை?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரலாம். வாசித்து முடித்த பிறகு திட்டுங்கள்.

மஃரிபுக்குப் பிறகு திருகோணமலையிலிருந்து சீனக்குடா வழியாகக் கிண்ணியாப் பாலம் வரை வருகிற எவரும் இதை எண்ணிப் பார்க்கலாம். முன்னால் போகிற வாகனங்களில் எத்தனைக்கு இரண்டு பின் லைட்டும் எரிகிறது? ஒன்று எரியும், மற்றது இருட்டு. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் சிவக்கும். சிலதில் இரண்டுமே இல்லை. கிட்டப் போன பிறகுதான் அங்கே ஒரு வேன் இருப்பதே தெரியும். அதை ஓட்டுபவர்கள் வேற்றூர்க்காரர் அல்லர். நமது நானாமார், மச்சான்மார், ஒரே ஸஃப்பில் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கள், ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள்.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "பார்ப்பம் தம்பி, கராஜுக்குப் போக நேரமில்ல." இன்னும் சிலர், "பொலிஸ் பிடிக்கட்டும், அப்ப மாத்துவம்."

அந்த பல்புக்கு கராஜ் தேவையில்லை. பத்து நிமிடமும் ஒரு ஸ்குரூ ட்ரைவரும் போதும். பின் லைட் பல்ப் ஒன்றின் விலை ஒரு பிரியாணிப் பார்சல் விலைகூட வராது. இவ்வளவு சின்ன வேலையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டுப் பின்னால் வருகிறவனின் உயிரோடு விளையாடுகிறோம். சோம்பல் என்று இதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இது அடுத்தவரின் ஹக்கைப் பறிப்பது.

நம்மிடம் இருப்பவை பழைய வாகனங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டு நாம் திரும்பி வந்துவிட்டோம். ஆகவே நிசான் சன்னியும், பழைய கொரோலாவும், டொல்பின் வேனும், மாருதியும் இன்னும் பல வருடம் நம்மோடுதான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் வீதி பழையதாக இல்லை. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை பாதையில் ஏறித்தான் கிண்ணியாவுக்குக் கடந்தோம். எல்லோரும் வரிசையில் நின்றோம், மெதுவாகப் போனோம். இன்று காபட் வீதி. மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடிவிடும். பின்னால் வருகிறவன் உங்களைக் கண்டு, யோசித்து, பிரேக்கில் காலை வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடுகிறது. நடுவீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு நீங்கள் திடீரென்று பிரேக் போடுகிறீர்கள். பின்னால் சீனக்குடாவிலிருந்து சீமெந்து ஏற்றிய லொறி. உங்கள் பிரேக் லைட் எரியவில்லை என்றால் அந்தச் சாரதிக்கு யார் சொல்வது?

"ஒரு பக்கம் எரிகிறதுதானே" என்கிறவர்களுக்கு ஒரு விடயம். நமது நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். வலப்பக்க லைட்தான் நமது வாகனத்தின் வெளி ஓரத்தைக் காட்டுவது. முன்னால் வலது ஹெட் லைட் செத்திருந்தால் எதிரே வருகிறவர் ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது என்று நினைத்து நடுக்கோட்டை ஒட்டி வருவார். பின்னால் வலது லைட் செத்திருந்தால் முந்தப் பார்க்கிறவரும் அப்படியே ஏமாறுவார். மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு வேன் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய கார்களைக் கையால் கழற்றிப் பூட்டும்படிதான் செய்திருக்கிறார்கள். லைட்டை அணைத்துச் சாவியை எடுங்கள். பல்ப் சூடாக இருந்தால் ஆறட்டும். டிக்கியைத் திறந்தால் பின் லைட்டுக்குப் பின்பக்கம் ஹோல்டர் தெரியும். சில வாகனங்களில் வெளியே இருந்து இரண்டு ஸ்குரூவைக் கழற்றிச் சிவப்புக் கண்ணாடியை எடுக்க வேண்டும். ஹோல்டரைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் கையோடு வரும். பல்பை உள்ளே அமத்தி, அதே பக்கம் திருப்பி, இழுங்கள். கண்ணாடி கறுத்திருந்தால், உள்ளே இழை அறுந்திருந்தால் அதுதான் ஆள்.

அந்தப் பழைய பல்பையே கடைக்குக் கொண்டுபோங்கள். அடியில் 12 வோல்ட், 21/5 வாட் என்று எழுதியிருந்தால் அதற்குள் இரண்டு இழை உண்டு: 5 வாட் இரவில் எரியும் பார்க் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். "பிரேக் லைட் எரியுதே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். இந்த பல்பின் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் குமிழும் ஒரே உயரத்தில் இருக்காது. அதைப் பார்த்துப் போடுங்கள். பலவந்தமாக மாற்றிச் செருகினால் பார்க் லைட் பிரேக் லைட் போல எரியும், பிரேக் பிடிப்பது யாருக்கும் தெரியாது. கூடிய வெளிச்சம் வேண்டும் என்று கூடிய வாட் பல்ப் போடாதீர்கள், ஹோல்டர் உருகும். எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் ஒருமுறை எரித்துப் பாருங்கள்.

ஹெட் லைட்டிலும் இதே அளவு வேலைதான். பொனட்டைத் திறந்து, பிளக்கை இழுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விலக்கினால் பல்ப் வெளியே வரும். ஹெலஜன் பல்பின் கண்ணாடியில் மட்டும் விரல் படக்கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும். சுத்தமான துணியால் பிடியுங்கள்.

புது பல்பும் எரியாவிட்டால் பியூஸைப் பாருங்கள். அடுத்தது ஹோல்டர். நாம் கடலோரத்தில் இருக்கிறோம். துறைமுகத்துக் காற்றில் உப்பு. பித்தளை பச்சை பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். பிரேக் பிடிக்கும்போது சிக்னல் லைட்டும் மங்கலாக எரிந்தால் அநேகமாக எர்த் போயிருக்கும். மெல்லிய சேன்ட் பேப்பரால் தேய்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். புது பல்ப் வாங்கி வாங்கிப் போட்டு, "டூப்ளிகேட் சாமான்" என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனாலோ, வயர் உருகியிருந்தாலோ இலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும். அது அவரது தொழில். "நாமே மாத்தினா அவங்கட பிழைப்பு என்னாகும்" என்று கேட்கிறவர்கள், வேலை குவிந்து கிடக்கும் நேரத்தில் ஒரு பல்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் நின்று பாருங்கள். அவரது முகமே பதில் சொல்லும்.

நமக்கு இன்னொரு நோய் இருக்கிறது. பின் லைட்டுக்கு ஒரு பல்ப் போட மனமில்லை. முன்னால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்ஈடி போட ஆயிரக்கணக்கில் காசு இருக்கிறது. ஹெலஜனுக்குச் செய்த ஹெட் லைட்டுக்குள் அதைத் திணித்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில்தான் அடிக்கும். முன்னால் வருகிறவரைக் குருடாக்குவது, பின்னால் வருகிறவருக்கு நம்மை மறைப்பது. இதற்குப் பெயர் ஸ்டைல்!

ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்சுற்று படிப்பிக்கிறோம். தொடர், சமாந்தரம், தங்குதன் இழை எல்லாம் பிள்ளை பாடமாக்கி ஏ எடுக்கிறது. அந்தப் பிள்ளையின் வாப்பாவின் காரில் லைட் எரியாமல் முற்றத்தில் நிற்கிறது. படித்தவன் கையில் கிரீஸ் படக்கூடாது என்று நமக்கு யார் சொல்லித் தந்தது? பிள்ளையைப் பக்கத்தில் வைத்து மாற்றுங்கள். மகனை மட்டுமல்ல, மகளையும். ஸ்கூட்டி ஓட்டுகிற நமது சகோதரிகளுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். பாதுகாப்பைப் பார்க்க வேண்டியவர்கள் எங்கே என்று ஊரே கேட்டது. கேட்டது சரி, இனியும் கேட்போம். ஆனால் அதே கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்பார்கள். பின் லைட் எரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அதிகாரி நாம்தான். சுபஹுக்கு முன் சைக்கிளில் கடலுக்குப் போகிற மீனவரும், டியூஷன் முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளையும் நம் பல்பை நம்பித்தான் பின்னால் வருகிறார்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று எத்தனை குத்பாவில் கேட்டிருக்கிறோம். லைட் இல்லாமல் இருட்டில் ஓடுகிற வாகனமே அந்தத் தொல்லையாக இருந்தால் அதை யார் அகற்றுவது?

இன்றிரவு இஷா முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாகனத்தின் பின்பக்கத்தை மதிலுக்கு நேரே நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். மதிலில் இரண்டு சிவப்பும் விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சிக்னல் போடுங்கள், வழமையை விட வேகமாக டிக் டிக் என்று அடித்தால் ஒரு பக்க பல்ப் போய்விட்டது என்று பழைய வாகனமே சொல்லித் தரும். நாளை பள்ளிவாசலில் பக்கத்து வாகனத்தில் ஒன்று எரியவில்லை என்றால், நாலு பேர் முன்னால் அல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வயதானவராக இருந்தால் நீங்களே மாற்றிக் கொடுங்கள்.

கொமென்ட்டில் "மாஷா அல்லாஹ், நல்ல பதிவு" என்று எழுத வேண்டாம். "பல்ப் மாத்தியாச்சு" என்று எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.