சாதி நாயும் நீல நிறமும்

எங்கள் தெரு ஆட்டோக்காரத் தம்பி ஒருநாள் வங்கிக் கவுண்டருக்கு வந்து முப்பதாயிரம் எடுக்கணும் என்றான். மகள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், நாய்க்குட்டி கேட்கிறாள். செல்போனில் விளம்பரத்தைக் காட்டினான். ‘அரிய நீல மெர்ல் நிறம். பொமரேனியன். நூறு சதம் தூய ரத்தம். ஒரிஜினல் ஜாதி நாய்.’ பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான்தான்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அண்ணே, தட்டைப் போட்டு உடைச்சாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கு. டாக்டர் ரெண்டு காதும் கேக்காதுங்காரு. வித்தவன் போனை எடுக்க மாட்டேங்கான். ஜாதி நாய்னு சொல்லி ஏமாத்திட்டான். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு ஒரு மனு எழுதித் தாங்க.”

குட்டியைப் போய்ப் பார்த்தேன். உடம்பு முக்கால்வாசி வெள்ளை. அங்கங்கே சாம்பல் திட்டு. ஒரு கண் வெளிறிப்போய் இருந்தது.

தோழர்களே, நாயின் ரோமத்தில் இருப்பது இரண்டே நிறமிகள். ஒன்று கருப்பு, இன்னொன்று செம்மஞ்சள். உலகத்தில் இருக்கிற அத்தனை நாய் நிறமும் இந்த இரண்டைக் கூட்டியும் குறைத்தும் வருவதுதான். ‘மெர்ல்’ என்பது கருப்பு நிறமியைத் திட்டுத் திட்டாக வெளிறச் செய்கிற ஒரு மரபணு மாற்றம். தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் சாம்பல்நீலப் புள்ளி விழும். இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். காது கேளாமலோ கண் ஊனமாகவோ பிறக்கும் ஆபத்தும் கூடும். நிறமி செல்கள் தோலுக்கு மட்டும் சொந்தமில்லை, உள்காதிலும் அவற்றுக்கு வேலை உண்டு. அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியை வாங்குகிற செல்கள் செத்துப்போகும். இரண்டு மெர்ல் நாய்களை இணைத்தால் நாலு குட்டிக்கு ஒன்று இப்படிப் பிறக்கலாம் என்பது கணக்கு. நீலக் குட்டிக்கு விலை அதிகம், ஆகவே இணைக்கிறார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. செம்மஞ்சள் பொமரேனியன் உடம்பில் மெர்ல் ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும். தோலைப் பார்த்து ரத்தத்தைச் சொல்கிறேன் என்பவன் நாய் விஷயத்திலேயே தோற்றுப் போகிறான்.

இதைவிடப் பெரிய வேடிக்கை, பொமரேனியனின் பழைய வம்சத்தில் மெர்ல் நிறமே கிடையாது, வேறு இனத்தோடு கலந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நாய் வளர்ப்பவர்களிலேயே பலர் சொல்கிறார்கள். அப்படியானால் கலப்பில் வந்த நிறத்துக்குத்தான் ‘தூய ரத்தம்’ என்று விலை ஏறுகிறது!

நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. 2005-ல் தபால்தலை ஏறிய ராஜபாளையம் நாய்க்குப் பால்வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் சுத்தத்தின் அடையாளம் என்பார்கள். அந்த வெள்ளையோடு காது கேளாத குட்டிகளும் பிறப்பது ஊரறிந்த சங்கதி. வெள்ளையைக் காட்டி விற்பார்கள், காதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது ‘ஜாதி நாய்’ என்ற அந்தச் சொல். காகிதமும் விலையும் உள்ள நாய் சாதி நாய். குறுக்குத்துறை படித்துறையில் செவலையும் கருப்பும் சாம்பலுமாகப் படுத்துக் கிடப்பது சாதி கெட்ட நாய். அந்த ஊர்நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ‘பரையா டாக்’. பறையர் என்ற நம் மக்களின் பெயரிலிருந்து எடுத்தது. நம்மை நாயோடு சேர்த்தான், நாயையும் சேரிக்கு அனுப்பினான். 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்பட்ட கருப்பிக்காக நாம் அழுதோமே, ஏன் அழுதோம்? அது எந்த இனம், என்ன விலை என்று கேட்டுவிட்டா அழுதோம்?

நாயைக் கூண்டில் அடைத்து, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணைத்து, மனிதன் இனத்தை உண்டாக்கினான். அதற்கான விலையை நோயாக நாய் கட்டுகிறது. மனிதர் கதை அப்படியல்ல. சாதி என்பது இனமே அல்ல, பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சாமரும் ஒரே இனம், சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனம் என்று 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் போட்டு உடைத்துவிட்டார். ஆனாலும் கல்யாண விளம்பரத்தில் குலமும் நிறமும் இன்றைக்கும் அச்சாகின்றன. நாய் விளம்பரமும் அதே பாஷையில்தான் பேசுகிறது. அதைக் காசு கொடுத்து நம் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம்.

குட்டி வாங்கத்தான் வேண்டும் என்றால் நிறத்தைக் கேட்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பதும் அந்த விதிதான். பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனுப் போடலாம்.

தம்பிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். “ஜாதி நாய் என்று ஏமாற்றினார்” என்று அவன் சொன்ன வரியை மட்டும் அடித்துவிட்டேன். “காது கேளாத குட்டியை நலமான குட்டி என்று சொல்லி விற்றார்” என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தான்.

“சாதியை எடுத்துட்டீங்களே அண்ணே, கேஸ் நிக்குமா?”

“நிக்கும்லே. அதை எடுத்தாத்தான் நிக்கும்.”

குட்டியைத் திருப்பிக் கொடுக்க அவன் மகள் சம்மதிக்கவில்லை. தரையைக் காலால் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.