பெட்டிக்குள் ஒரு கித்தாபு



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குப் பெரியகல்லாற்றைத் தெரியாமல் இருக்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஊர். தமிழ்ச் சகோதரர்கள் வாழும் இடம். அதைத் தாண்டித் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை வந்துவிடும். கலியாணத்துக்கென்று சொல்லிவைத்திருந்த கைத்தறிச் சீலைகளைக் கொடுப்பதற்காக, ராத்தாவோடு நானும் பெரியகல்லாற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன்.

சீலை பார்த்து முடிந்து தேநீரும் குடித்த பிறகு, டீச்சர் மெல்லிய குரலில் சொன்னார்: "தங்கச்சி, உங்கட குர்ஆன் ஒண்டு எங்கட அப்பாட றங்குப்பெட்டிக்குள்ள கிடக்கு. தொடவும் பயமாக் கிடக்கு. பழைய சாமான் வாங்குற ஒருத்தர் வந்து பார்த்திட்டு, பதினையாயிரம் தாறன் எண்டு கேட்டுத் திரியிறார். என்ன செய்யிறது?"

அவருடைய தந்தையாரும் ஆசிரியர். மருதமுனையில் யாரிடமோ இரவல் வாங்கி வந்தாராம். 1990இல் குழப்பம் தொடங்கி, ஊருக்கும் ஊருக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோனது. பிறகு அவரும் காலமாகிவிட்டார். யாரிடம் வாங்கினார் என்பது அவரோடு போய்விட்டது. 2004 சுனாமியின்போது பெட்டி அலுமாரிக்கு மேலே இருந்ததால், அட்டையில் ஒரு நீர்க்கறையோடு தப்பியிருக்கிறது.

ஒளுச் செய்துகொண்டு அந்தக் கித்தாபைக் கையில் எடுத்தேன். அறபு எழுத்துத்தான். எழுத்துக் கூட்டி ஒரு வரியை ஓதினேன். இரண்டாவது சொல்லே "தண்ணீர்" என்று வந்தது. அடுத்து "முகம்", "கை", "முழங்கை". டீச்சர் எழுந்தே விட்டார். "இது தமிழ் எல்லோ!" என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகத் தொடப் பயந்து வைத்திருந்த புத்தகம் தன்னுடைய மொழியிலேயே பேசியதைக் கேட்ட அவருடைய முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சகோதரிகளே, அது அறபுத் தமிழ்க் கித்தாபு. நம் மூத்தம்மாமார் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் ஓதத் தெரியும். ஓதத் தெரிந்த அந்த எழுத்திலேயே தமிழை எழுதிக் கொடுத்தால் ஒளுவும் தொழுகையும் நோன்பும் அவர்களுக்கு வீட்டிலேயே விளங்கும். அறபின் 28 எழுத்துக்களோடு, அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் சேர்த்து எழுத்துக்களை உண்டாக்கினார்கள். 1816இல் பிறந்து 1898இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'பத்ஹுத் தய்யான்' இந்த எழுத்தில் வந்த சட்ட நூல்தான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1963இல் கொழும்பில் வெளியானது. கீழக்கரையின் செய்யிது ஆசியா உம்மா என்ற பெண்மணி தம்முடைய ஞானப் பாடல்களையும் அறபுத் தமிழில்தான் எழுதினார். நம்மைப் போன்ற பெண்கள் வாசித்த எழுத்து, பெண்ணொருத்தி பாடல் எழுதிய எழுத்து. இன்று நம் வீடுகளில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

உங்கள் வீட்டிலும் அப்படியொரு கித்தாபு இருக்கலாம். அதை இனங்காண்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் வாயால் ஓதிப் பாருங்கள். எழுத்து அறபு என்பதால் மொழியும் அறபு என்று ஆகிவிடாது. மலாய்க்காரர்களும் தங்கள் மொழியை அறபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் 1869இல் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையே அந்த எழுத்தில் வந்தது.

இரண்டாவது, கையெழுத்தா, அச்சா? இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய அறபுத் தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வந்தவை. எழுத்தர் ஒருவர் பசைமையால் எழுதியதைச் சுண்ணாம்புக் கல்லின் மேல் பதிப்பார்கள். கல்லை நனைத்தால் வெறும் இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எழுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். அதில் கடதாசியை வைத்து அழுத்தி எடுப்பார்கள். பார்ப்பதற்குக் கையால் எழுதியது போலவே இருக்கும், ஆனால் அதேபோல நூற்றுக்கணக்கில் அச்சாகியிருக்கும். உண்மையான கையெழுத்தில் பேனையை மையில் தோய்த்த இடம் கடுங்கறுப்பாகவும், போகப் போக மங்கலாகவும் இருக்கும். கல்லச்சில் கறுப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம், கையெழுத்தாக இருந்தால் மை கரைந்துவிடும். டீச்சர் வீட்டுக் கித்தாபு கல்லச்சு.

மூன்றாவது, வயது. ஆண்டு பெரும்பாலும் நூலின் கடைசியில் ஹிஜ்ரியில் இருக்கும். அறபு இலக்கத்தில் புள்ளிதான் பூச்சியம், வட்டம் ஐந்து. நானும் அவசரத்தில் 1310 என்று வாசித்துவிட்டேன். மறுபடி பார்த்தபோதுதான் கடைசியில் இருப்பது வட்டம், ஆகவே 1315 என்று தெரிந்தது. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். 1315 என்றால் 1897-98.

நான்காவது, முழுமை. பக்க எண் இல்லாத கித்தாபுகளில் வலப்பக்கத்தின் அடியில், இடது மூலையில் ஒரு சொல் தனியாக நிற்கும். அடுத்த பக்கம் அதே சொல்லோடு தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் நடுவில் தாள் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கட்டுக்குள் இரண்டு நூல்களைச் சேர்த்துத் தைத்திருப்பதும் உண்டு. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், வேறொரு குர்ஆன் பிரதியோடு தவறுதலாகச் சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு தோல் ஏடுகளைப் பல்லாண்டுகளாக யாரும் தனியே கவனிக்கவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, அந்தத் தோல் 568க்கும் 645க்கும் இடைப்பட்ட காலத்தது என்று தெரிந்து 2015இல் உலகமே பேசியது. ஆகவே கடைசித் தாள் வரை பாருங்கள்.

சரி, விலை என்ன? நம்மில் பலர் பழசு என்றால் விலைபோகும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. நூறு வருடத்துக்கு முன் அச்சான குர்ஆன் பிரதிகள் ஏராளம். ஆனால் நாற்பது பக்கச் சின்ன மாலைக் கித்தாபு ஒன்று, வாசித்து வாசித்துக் கிழிந்து, உலகத்தில் இரண்டோ மூன்றோ மட்டும் எஞ்சியிருக்கலாம். எத்தனை பிரதிகள் மிச்சம், எத்தனையாவது பதிப்பு, தாள்கள் முழுமையா, யார் கையிலிருந்து வந்தது என்ற இவைதான் மதிப்பை முடிவு செய்கின்றன. சீறாப்புராணம் முதன்முதலில் அச்சேறியது 1842இல். அந்தப் பதிப்பும் அதற்குப் பின் வந்த பதிப்பும் ஒன்றாகுமா?

ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியுண்டு. பாணந்துறை கலாநிதி எம்.எம். உவைஸ் அவர்கள் இஸ்லாமியத் தமிழ் நூல்களைத் தேடித் தொகுப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட பெரிய நூலில் இலங்கை, தமிழகத்து அறபுத் தமிழ் ஆக்கங்களின் விபரங்கள் இருக்கின்றன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அறபு மொழிக்கும் பீடம் உண்டு. கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகம் உண்டு. இவ்வளவும் இருக்க, வீட்டு வாசலில் நின்று விலை கேட்கிறவரை மட்டும் நம்பலாமா? 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டப்படி, கலாசார ஆதனங்களை உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும் கூடாது.

யாருடையது என்ற கேள்வியும் சாதாரணமானதல்ல. 1715இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் பைபிள் பிரதியொன்று, 2005இல் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திலிருந்து காணாமற் போனது. 2022இல் அது லண்டனில் இருப்பதாகத் தமிழகப் பொலிஸார் கண்டறிந்தார்கள். சரபோஜி மன்னரின் கையொப்பம் அதில் இருந்தது. நூலில் யாரோ எழுதிவைத்த ஒரு வரி அதன் உரிமையையே சொல்லிவிடும்.

அந்த நினைவோடுதான் டீச்சர் வீட்டுக் கித்தாபின் வெற்றுத்தாளைப் புரட்டினேன். மங்கிய மையில் ஒரு வரி. அதில் ஒரு சொல் தெளிவாக இருந்தது: வக்பு.

வக்பு செய்த பொருளை விற்க முடியாது, வாங்க முடியாது, வாரிசாகப் பங்கு வைக்கவும் முடியாது. யாரோ ஒருவர், ஒருவேளை நம்மைப் போல ஒரு பெண், எல்லோரும் ஓதிப் பயன்பெற வேண்டும் என்று அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது. வியாபாரி சொன்ன பதினையாயிரத்துக்கு அங்கே இடமே இல்லை. இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். மகளின் கலியாணச் செலவு முன்னால் நிற்கிற வீடு அது.

சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா இரவல் எண்டுதான் சொன்னவர். அப்ப அது எங்கட இல்லத்தானே தங்கச்சி. கொண்டுபோய்க் குடுங்க. ஆனா அந்தத் தண்ணி, முகம் எண்டு வாசிச்சீங்களே, அதை இன்னொருக்கா வாசிச்சுப் போட்டுப் போங்க" என்றார்.

அமானிதம் என்று நாம் பயான்களில் கேட்கிறோம். அன்று பெரியகல்லாற்றில் அதைக் கண்ணால் பார்த்தேன். கித்தாபு இப்போது மருதமுனையில் ஒரு பள்ளிவாசலில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தோம். டீச்சருக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.

சகோதரிகளே, நம் கரையோரத்தில் 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோயின. 2019க்குப் பிறகு, அறபு எழுத்தைக் கண்டால் யார் என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் நாமே அப்புறப்படுத்தியவையும் உண்டு. மிச்சத்தை, கிழிந்த தாள்களின் கண்ணியம் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் புதைத்துவிடுகிறோம், கடலில் விடுகிறோம். கண்ணியம் காப்பது நம் கடமைதான். அதற்கு முன், என்ன கித்தாபு என்று ஒருமுறை ஓதிப் பாருங்கள், தெரிந்த மௌலவி ஒருவரிடம் காட்டுங்கள்.

வைத்திருப்பவர்கள் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல், வாவிக் காற்றின் ஈரம் பிடிக்காத இடத்தில் வையுங்கள். முன்னோர்கள் சில அறபுக் கையெழுத்துப் பிரதிகளில் பூச்சி அரிக்காமல் இருக்க "யா கபீகஜ்" என்று எழுதி வைப்பார்களாம். அந்த ஏடுகளையும் பூச்சி அரித்திருக்கிறது! மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் நல்ல காவல்.

மூத்தம்மா உயிரோடிருந்தால், இன்றே அவர் மடியில் அந்தக் கித்தாபை வைத்து ஒரு பக்கம் ஓதச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.