பெரும்பான்மை போதாதாம்!

இரண்டு எண்களில் எது பெரியது என்று வகுப்பிலே நாம் கேட்பதுண்டு. பத்து வயதுச் சிறுவன், பலகையைப் பார்த்த மறுகணமே விடை சொல்லிவிடுகிறான். அதிலே ஐயமென்ன, ஆராய்ச்சியென்ன! ஆனால் அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில், அந்தச் சிறுவனின் விடை செல்லாது என்று நூற்று முப்பது ஆண்டுகள் சட்டம் சொல்லிற்று!

அங்கே ஆளுநர் என்பார் மேலிருந்து அனுப்பப்படுபவர் அல்லர். மக்கள் வாக்களித்து அமர்த்தும் ஆட்சித் தலைவர். 1999 நவம்பரில் அந்தப் பதவிக்குத் தேர்தல். ஜனநாயகக் கட்சியின் ரானி மஸ்குரோவ், குடியரசுக் கட்சியின் மைக் பார்க்கரைவிட 8,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். வேறு இருவரும் களத்தில் நின்றமையால், மொத்த வாக்கில் பாதியைத் தாண்ட அவருக்கு நூற்றுக்கு அரை விழுக்காடும் இல்லாத சிறு குறை. இருப்பினும் முந்தியவர் அவரே.

அது போதாதென்றது சட்டம். மொத்த வாக்கிலும் பாதிக்குமேல் பெறவேண்டும். கீழவைத் தொகுதிகள் 122-லும் பாதிக்குமேல் முந்தவேண்டும். இரண்டில் ஒன்று தவறினும் ஆளுநரைக் கீழவையே தேர்ந்தெடுக்கும்! தொகுதிகளை எண்ணினர். ஆளுக்கு 61! மக்கள் கையிலிருந்த முடிவு மன்றத்தின் கைக்குப் போயிற்று. 2000 ஜனவரியில் அவை கூடி, மஸ்குரோவுக்கு 86 வாக்கும் பார்க்கருக்கு 36 வாக்கும் அளித்தது.

முந்தியவர்தானே அமர்ந்தார், பிறகென்ன குறை என்பர் சிலர். மன்றம் மனம் வைத்தது, அமர்ந்தார், மனம் வைக்காதிருந்தால்? மற்றவர் மனம் வைத்துத் தருவது சலுகை. உரிமையோ யாருடைய தயவுக்கும் காத்து நிற்பதில்லை!

ஏன் இந்த இரட்டைத் தாழ்ப்பாள்? யாரை வெளியே நிறுத்த? விடை 1890-இல் கிடக்கிறது.

அடிமைத்தளை அறுந்து வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்கள், 1873 தேர்தலில் துணை ஆளுநர், மாநிலச் செயலாளர், கல்வித்துறைத் தலைவர் ஆகிய பதவிகளில் தம்மவரை அமர்த்திக் காட்டினர். முதுகிலே சவுக்கடித் தழும்பு மறையாத மக்கள், மாநிலத்தை ஆளும் இடத்துக்கு வந்தனர்! பொறுக்குமா ஆதிக்கத்துக்கு? 1875-இல் துப்பாக்கியும் மிரட்டலும் தேர்தலை நடத்தின. ஆண்டுதோறும் துப்பாக்கி தூக்குவது தொல்லை அல்லவா? துப்பாக்கியின் வேலையைச் சட்டமே செய்யட்டும் என்று, 1890-இல் ஜாக்சன் நகரிலே கூடினர். அன்று மாநில மக்களில் பாதிக்குமேல் கறுப்பர். கூடிய 134 பேரில் கறுப்பர் எத்தனை பேர்? ஒருவர்! ஐசையா மாண்ட்கோமரி எனும் அந்த ஒருவரும், விட்டுக்கொடுத்தால் அமைதி கிட்டும் என நம்பி இசைந்தார். எழுதிய அரசியல் சட்டத்தை மக்களின் ஒப்புதலுக்கும் வைக்கவில்லை. தாமே எழுதினர், தாமே ஏற்றனர்!

வாக்காளர் ஆவதற்கு 2 டாலர் தலைவரி கட்டவேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்துக்காட்ட வேண்டும். இல்லையேல் படிக்கக் கேட்டுப் பொருள் உரைக்க வேண்டும். பொருள் சரியா தவறா என்று தீர்ப்பவர் பதிவு அலுவலர். தேர்வு நடத்துவது நமக்குத் தொழில்; விடையைப் படித்த பிறகே மதிப்பெண் இடுகிறோம். அங்கே நடந்ததோ, முகத்தைப் பார்த்து மதிப்பெண் இட்ட தேர்வு! 1892-க்குள், வாக்களிக்கும் வயதுடைய ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கறுப்பின ஆண்களில் ஒன்பதாயிரம் பேர்கூடப் பட்டியலில் இல்லை.

இத்தனை வாயில்களையும் கடந்து எவரேனும் உள்ளே வந்துவிட்டால்? அதற்குத்தான் அந்த இரண்டாம் கணக்கு! தொகுதிக் கோடுகளை வரைபவர் வெள்ளையர். வெள்ளையர் மிகுந்த தொகுதிகளே பெரும்பாலாக இருக்கும்படி வரைந்துகொண்டால், மொத்த வாக்கு எப்படி விழுந்தால் என்ன! சட்டத்தின் வாசகத்திலே நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று, நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1898-இல் வாக்காளர் தேர்வுக்கு ஒப்புதல் முத்திரை குத்திற்று. வாசகத்தில் இல்லைதான், வரைந்தவர் நெஞ்சில் இருந்ததே!

1964-இல், வாக்களிக்கும் வயதுடைய கறுப்பரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட அங்கே பதிவு பெற்றிருக்கவில்லை. ஃபேனி லூ ஹேமர் போன்றோர் சிறையிலே அடிபட்டும் தளராது நடத்திய போராட்டத்தால், 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967-க்குள் நூற்றுக்கு அறுபதை நெருங்கிற்று பதிவு. வாயில் திறந்தது, உள்ளே இருந்த இரண்டாம் தாழ்ப்பாள் அப்படியே நின்றது! 2019-இல் கறுப்பின வாக்காளர் நால்வர் நீதிமன்றப் படியேறினர். 2020 நவம்பரில் மக்களிடமே கேட்டபோது, நூற்றுக்கு 79 பேர் அதை நீக்குக என்றனர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே சொன்னார்கள் என்பதை மகிழ்ச்சியோடு குறிக்கிறோம்.

போயிற்றே, பழங்கதை எதற்கு என்பர். முழுதும் போகவில்லை, தோழர்களே! 1890-இல், வாக்குரிமையைப் பறிக்கும் குற்றங்கள் எவை என்று ஒரு பட்டியல் போட்டனர். திருட்டு உண்டு, பொய் சொல்லிப் பொருள் பெறுதல் உண்டு, இருதார மணம் உண்டு; கொலை இல்லை! கறுப்பர் செய்யக்கூடியவை என்று தாம் கருதிய குற்றங்களைப் பொறுக்கி எடுத்த பட்டியல் அது. கொலையை 1968-இல்தான் சேர்த்தனர். தண்டனை முடிந்து வெளியே வந்தாலும் உரிமை திரும்பாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும், அல்லது ஆளுநரின் மன்னிப்பு வேண்டும். 2024-இல்கூட, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

2023 தேர்தலைப் பாருங்கள். மாநிலம் முழுதும் வாக்களித்து நிரப்பும் பதவிகள் எட்டையும் குடியரசுக் கட்சி வென்றது. டேட் ரீவ்ஸ் நூற்றுக்கு 51-ஐ ஒட்டிய வாக்கோடு ஆளுநராக நீடித்தார். அந்த வெற்றியை நாம் குறைகூறவில்லை. பாதிக்குமேல் பெற்றவர் ஆள்வது முறையே. ஆயினும் அதே நாளில், கறுப்பர் மிகுந்த ஹைண்ட்ஸ் கவுண்டியில் பல சாவடிகளில் வாக்குச்சீட்டே தீர்ந்துபோயிற்று! சூழ்ச்சி என்று கூற நம்மிடம் சான்று இல்லை. ஆனால் வரிசையில் நின்று, சீட்டில்லை என்ற சொல்லைக் கேட்டவருக்கு, பாட்டன் கேட்ட சொல்லல்லவா நினைவுக்கு வரும்! மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கறுப்பினத்தாரில், 1873-க்குப் பின் 2023 வரை, மாநிலம் தழுவிய தேர்தலில் ஒருவரேனும் வென்றதில்லை. நூற்றைம்பது ஆண்டுகள்! தகுதியுள்ளவர் ஒருவரும் பிறக்கவில்லை என்று எவர் சொல்லத் துணிவார்?

தேர்தல் முடிவு வந்ததும், வென்றவர் யார் என்று கேட்கிறோம். அதற்குமுன் கேட்கவேண்டியவை உண்டு: எண்ணும் விதியை எழுதியவர் யார்? எழுதும்போது அவர் யாருக்கு அஞ்சினார்? அஞ்சப்பட்டவன் இன்றாவது தடையின்றி உள்ளே வந்துவிட்டானா? இவற்றைக் கேளாமல் எண்ணிக்கையை மட்டும் படிப்பது, கணக்கைப் பாராமல் விடைக்கு மதிப்பெண் இடுவதாகும். அந்தத் தவறை நாம் செய்யலாகாது!